பணி: இதர

என் மேசைக்கு மேலே சுவர்ப் பலகையில் ஒரு அடையாள அட்டையைக் குத்தி வைத்திருக்கிறேன். என்னுடையது அல்ல. பட்டாசுக் கம்பெனி ஒன்றில் கொடுத்தது. பிளாஸ்டிக் உறை மங்கி, ஓரமெல்லாம் அலுமினியப் பொடி ஏறிச் சாம்பல் நிறமாகிவிட்டது. எத்தனை துடைத்தாலும் போகவில்லை. உள்ளே என் மதினியின் படம். எண்ணெய் வழியத் தலைவாரி, போட்டோ பிடித்தவர் சிரிக்கச் சொல்லியும் சிரிக்காமல், ‘சீக்கிரம் எடுங்க, வேன் போயிரும்’ என்பது போலப் பார்த்துக்கொண்டிருப்பாள். படத்துக்குக் கீழே பெயர், கணவர் பெயர், ஊர். கடைசி வரியில் ‘பணி’ என்று அச்சடித்து, அதற்கு நேரே நீல மையில் கையால் எழுதியிருக்கிறது: இதர. காசநோய்க் கிருமியை ஆராய்கிற இடத்தில் இந்த அட்டைக்கு என்ன வேலை என்று புதிதாகச் சேருகிற மாணவர்கள் கேட்பார்கள். அவசரத்தில் இருந்தால், ‘அது என் மரபணுவோட அட்டை’ என்று சொல்லி அனுப்பிவிடுவேன். அவசரம் இல்லாத நாளில் சொல்லும் முழுக்கதை இது.

மதினி என்றால் என் அண்ணன் மனைவி. அதற்கு முன்னால், பத்தாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள். எம். புதுப்பட்டிப் பக்கம் எங்கள் ஊர். தாத்தா காலத்தில் அடுத்தவர் புஞ்சையில் களை வெட்டிய குடும்பங்கள் எல்லாம் அம்மா காலத்தில் கம்பெனிக்கு மாறிவிட்டன. கணக்கில் என்னைவிட எப்போதும் அவளுக்குத்தான் கூடுதல் மார்க். ஆனாலும் பத்து முடிந்ததும் நான் விருதுநகருக்குப் படிக்க பஸ் ஏறினேன். அவள் பதினெட்டு வயது ஆகட்டும் என்று வீட்டில் இருந்துவிட்டு வேன் ஏறினாள். நான் கல்லூரி முடிப்பதற்குள் என் அண்ணனைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். நேற்றுவரை வாடி போடி என்றவளை மரியாதையாகக் கூப்பிடச் சொல்லி அம்மா என் தலையில் குட்டியபோது, அவள் அடுப்படியில் முந்தானையை வாயில் வைத்துச் சிரித்ததை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அம்மா எதிரில் ‘வாங்க மதினி’, தனியே இருந்தால் ‘வாடி’ என்று கொஞ்ச நாள் ஓடியது. பிறகு ‘மதினி’ மட்டும் நிலைத்தது, ‘ங்க’ போய்விட்டது. அவள் எனக்கு வைத்த பெயர் கிருமிக்காரி. விடுமுறைக்கு நான் பையோடு வாசலில் நுழைந்தால், “ஏ, கிருமிக்காரி வந்துட்டா, சட்டி பானைய மூடுங்க” என்று தெருவுக்கே அறிவிப்பாள்.

கம்பெனியில் அவளுக்கு வெடிமருந்து அடைக்கிற வேலையோ திரி சொருகுகிற வேலையோ இல்லை. தண்ணீர் ஊற்றுகிற வேலை. கேட்டவுடன் சிரிப்பு வரும், எனக்கும் வந்திருக்கிறது. பட்டாசுக் கம்பெனியில் ஒவ்வொரு ரூமும் தனித்தனியாக, நடுவே வெட்டவெளி விட்டுக் கட்டியிருக்கும். செருப்பு, கொண்டை ஊசி எதுவும் உள்ளே போகக் கூடாது. வெறுங்காலோடு நடந்து வந்து, வாசலில் ஈரச்சாக்கில் காலைத் துடைத்து, உடம்பில் ஏறிய மின்சாரம் இறங்கச் சுவரில் பதித்த செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். காலோடு ஒட்டி வரும் பொடிமணல் மருந்துத் தட்டுக்கு அடியில் சிக்கி உரசினால் போதும், ரூம் இருக்காது. அதனால் ரூம்களைச் சுற்றியுள்ள தரையிலும் நடைபாதையிலும் புழுதி கிளம்பாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மதினி முதல் வேனில் போய், பூவாளியால் அந்தத் தரை முழுவதும் தெளிப்பாள். சாக்குகளை நனைத்துப் பிழிந்து போடுவாள். வெயில் ஏறியதும் மறுபடி ஒரு சுற்று. தண்ணீர் கூடினால் சேறாகிக் காலில் ஒட்டி, உள்ளே போய்க் காய்ந்து மணலாக உதிரும். குறைந்தால் காற்றே புழுதியை அள்ளிக்கொண்டுபோய் உள்ளே போடும். வாசற்படியைத் தாண்டி ஒரு சொட்டுப் போகக் கூடாது. அலுமினியப் பொடி கலந்த மருந்து நனைந்தால் தானாகவே சூடேறிவிடும். “காலு பதியணும், ஒட்டக் கூடாது. அம்புட்டுத்தான்” என்பாள். அந்த அம்புட்டுத்தானைப் பழக அவளுக்கு ரெண்டு கோடை ஆனதாம். வருகைப் பதிவேட்டில் மருந்து அடைத்தல், திரி, பெட்டி ஒட்டுதல் என்று தலைப்புகள் போய்க்கொண்டே இருக்கும். இவள் பெயர் கடைசிப் பக்கத்தில், இதர என்ற தலைப்பின் கீழ் இருந்தது.

இனி என் மரபணு. காசநோய்க் கிருமிக்கு ஏறக்குறைய நாலாயிரம் மரபணுக்கள் உண்டு. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வேலைக்கான குறிப்பு. அந்தக் குறிப்புகளை எழுத்தெழுத்தாகப் படித்து முடித்துப் பல காலம் ஆகிவிட்டது. ஆனாலும் பட்டியலைத் திறந்தால், இது சுவர் கட்டுவது, இது உணவைச் செரிப்பது என்று வரிசையாகப் போகும்போதே இடையிடையே, நூற்றுக்கணக்கான இடங்களில், ‘பணி தெரியவில்லை’ என்று எழுதியிருக்கும். அவற்றில் பலவற்றுக்குப் பெயர்கூடக் கிடையாது; வெறும் எண். சென்னையில் நான் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தபோது, நாங்கள் மேடம் என்று மட்டும் அழைத்த என் வழிகாட்டி, அப்படி ஒன்றைத் தந்து இது என்ன செய்கிறது என்று கண்டுபிடிக்கச் சொன்னார். வழி எளிது. அந்த மரபணுவை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, கிருமிக்கு என்ன குறைகிறது என்று பார்க்க வேண்டும். செய்வதுதான் பாடு. மற்றக் கிருமிகள் சில, அரைமணிக்குள் ஒன்று இரண்டாகிவிடும். இந்த மகராசிக்கு ஒன்று இரண்டாக ஏறக்குறைய ஒரு நாள் வேண்டும். தட்டில் போட்டுப் புள்ளியாகக் கண்ணுக்குத் தெரிய மூன்று நான்கு வாரம். எங்கள் ஊர் டவுன் பஸ்ஸே பரவாயில்லை. உடல் முழுக்க மூடிய அங்கி, முகத்தை இறுக்கும் முகமூடி, இரட்டைக் கையுறை என்று இரண்டு வருடம் புழுங்கி அந்த மரபணுவை எடுத்தேன். எடுத்த கிருமியை வளர்த்துப் பார்த்தால், அது பாட்டுக்கு வளர்ந்தது. அசல் கிருமியின் வளர்ச்சிக்கு ஒரு கோடு, இதற்கு ஒரு கோடு என்று வரைந்தால் ஒன்றின் மேல் ஒன்று அப்படியே படிந்தது. குறை ஒன்றும் இல்லை.

அந்த வருடத் தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது அடுப்படியில் உட்கார்ந்து இதை மதினியிடம் சொல்லிப் புலம்பினேன். அதிரசத்தைத் தட்டிக்கொண்டே கேட்டவள், “அப்ப ஒன் ஜீனும் என்னைய மாதிரி இதரதான்னு சொல்லு” என்றாள். இருவரும் சிரித்தோம். சிரிக்கையில் அவளுக்கு இருமல் வந்தது. முந்தானையை வாயில் வைத்து வெகுநேரம் இருமினாள். எங்கள் ஊரில் தீபாவளி சீசனில் இருமாதவர் யார்? மருந்துப் பொடி நெஞ்சில் ஏறும், சீசன் முடிந்து கம்பெனி அடைத்தால் இறங்கும். அதற்குப் பவுடர் இருமல் என்று பெயர். யாரும் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. வெல்லமும் மிளகும் போதும். நானும் அப்படித்தான் நினைத்தேன். ரவிக்கையை ரெண்டு தடவை பிடித்துத் தைத்திருந்தாள். “கல்யாணப் பொண்ணு மாதிரி மெலிஞ்சுட்டயே” என்று கேலி செய்தேன். சாயங்காலமானால் கதகதவென்று உடம்பு சுடுவதாகச் சொன்னாள். அடுப்படி வேக்காடு என்றேன். மூன்று நாள் அவள் பக்கத்தில் படுத்து எழுந்துவிட்டுச் சென்னைக்குத் திரும்பி, அங்கியை மாட்டிக்கொண்டு காசநோய்க் கிருமியைத் தேடப் போனேன். வெளியூர்க்காரி ஒருத்தி அந்த இருமலைக் கேட்டிருந்தால் அன்றைக்கே கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போயிருப்பாள். நான் அந்த ஊர்க்காரி, எனக்குத் தோன்றவில்லை. இதை எழுதும்போதுகூட என் மேல் எனக்குக் கோபம் வருகிறது.

இரண்டு வாரத்தில் அண்ணன் போன் செய்தான். சளியில் ரத்தம். அடுத்த ரயிலில் விருதுநகரில் இறங்கி, அவளை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். சளியைச் சாயம் ஏற்றிப் பார்த்த டெக்னீஷியன், நான் என்ன படிக்கிறேன் என்று கேட்டுவிட்டு, நுண்ணோக்கியை என் பக்கம் நகர்த்தினார். நீலத் தரையில் சிவப்புச் சிவப்பாகச் சின்னக் குச்சிகள். தினமும் பார்க்கிற முகங்கள். ஆய்வகத்தில் ஆயிரம் தடவை அடையாளம் சொன்னவளுக்கு, அடுத்த பாயில் படுத்திருந்தவளின் நெஞ்சில் அவை இருந்தது தெரியவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த மதினி என் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள். “ஒங்க ஆளுகதானா?” என்றாள். ஆமாம் என்று தலையாட்டினேன். “அப்ப என்ன பயம்? தெரிஞ்ச ஆளுகதான” என்று சொல்லி என் முதுகைத் தட்டினாள். நோய் அவளுக்கு, ஆறுதல் எனக்கு. அன்றைக்கே மாத்திரை ஆரம்பித்தது. ஆறு மாதம், ஒருநாள்கூட விடாமல். வீட்டில் மற்ற எல்லாரையும் பரிசோதித்தார்கள், யாருக்கும் இல்லை.

மருந்து நன்றாகவே கேட்டது. தை பிறப்பதற்குள் இருமல் நின்று, கன்னம் கொஞ்சம் தெளிந்தது. சளியில் கிருமி இல்லை, இனி மற்றவர்களுக்குப் பரவாது, மாத்திரையைத் தொடர்ந்துகொண்டே வேலைக்குப் போகலாம், வெடிமருந்து ரூமுக்குள் மட்டும் வேண்டாம் என்று டாக்டர் எழுதியே கொடுத்தார். ஆனால் ஊரில் நோயைவிட நோயின் பெயர் மெதுவாகத்தான் இறங்கும். எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் வாசலோடு பேசிவிட்டுப் போனார்கள். மதினிக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். வேனில் அவள் இடம். “கம்பெனி வேன்ல ஏத்திட்டாகன்னா ஊரும் ஏத்துக்கும். வேன்ல எம்பக்கத்துல ஒருத்தி ஒட்டி உக்காந்தாள்னா தெருவுல எவளும் தள்ளி நிக்க மாட்டா” என்பாள். அதனால் தினமும் விடியலில் குளித்து, தலைவாரி, வேலைக்குக் கட்டுகிற சேலையைக் கட்டி, கையில் டீ டம்ளரோடு வாசலில் நிற்பாள். வேன் வரும், எங்கள் வீட்டைத் தாண்டிப் போகும். அது போனபிறகுதான் டீயைக் குடிப்பாள். அம்மா எவ்வளவு சொல்லியும் ஒருநாள்கூட உள்ளே இருந்ததில்லை.

பொங்கல் விடுமுறையில் நான் ஊரில் இருந்தபோது அவளோடு கம்பெனி வாசலுக்குப் போனேன். போர்மேன் நல்ல மனிதர்தான். டாக்டர் சீட்டை மரியாதையோடு வாங்கிப் படித்துவிட்டு மடித்து அவளிடமே கொடுத்தார். “தப்பா நினைக்காத தாயி. வேன்ல பொம்பளைக பயப்படுறாக. அதுவும் போக, நீ இல்லாம இம்புட்டு நாளும் இங்கன ஒண்ணும் நிக்கலையே. வேலை இல்லாம கை ஓஞ்ச ஆளு ரெண்டு வாளி ஊத்திட்டுப் போயிருது. ஒரு ஆள எதுக்கு அதுக்குன்னு வைக்கணும்?” என்றார். எனக்குச் சுருக்கென்றது. பரவாது என்பதற்குப் படித்ததையெல்லாம் எடுத்து விட்டேன். பாதிக்கு மேல் ஆங்கிலமாகப் போனதில் அவருக்கும் புரியவில்லை, எனக்கும் உதவவில்லை. மதினி என் கையைப் பிடித்து அமர்த்தினாள். “சரிண்ணே. பங்குனி வரட்டும்” என்றாள். அவ்வளவுதான். திரும்பி நடந்துவிட்டாள். இப்படி விட்டுக்கொடுத்து வந்துவிட்டாளே என்று வழியெல்லாம் அவளைத் திட்டிக்கொண்டு வந்தேன். கடைசியில் நின்று, என்னைப் பார்த்துச் சொன்னாள்: “இது மழை பெஞ்ச காலம் புள்ள. ஈரத்த வானமே போட்டுருச்சு. இப்ப நான் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? காத்து திரும்பட்டும், தரை வெடிக்கட்டும். அப்பத்தான நான் எதுக்குன்னு தெரியும்?”

நான் சென்னைக்குத் திரும்பினேன். மாசிக் கடைசியில் மேடம் என்னை அறைக்கு அழைத்தார். முன்னால் என் வரைபடங்கள். கோட்டின் மேல் கோடு. கோபமாகப் பேசவில்லை, அதுதான் இன்னும் வலித்தது. “இந்த மரபணு இல்லாவிட்டாலும் ஒன்றும் நிற்கவில்லையே அம்மா. வேறொன்றை எடுத்துக்கொள். இரண்டு வருடம் போனது போகட்டும்” என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்தேன். யோசிக்க ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை. விருதுநகர்ப் பங்குனிப் பொங்கலைச் சாக்காக வைத்து ஊருக்கு ரயில் ஏறினேன்.

வந்த மறுநாள். நல்ல வெயில், காற்று புழுதியை வாரித் தெருவில் சுழற்றிக்கொண்டிருந்தது. பதினொரு மணி இருக்கும். கம்பெனி வேன் தெருமுனையில் திரும்பி உள்ளே வந்தது. எங்கள் ஊரில் வேனுக்கு இரண்டே நேரம்தான், விடியலிலும் சாயங்காலமும். நடுப்பகலில் கம்பெனி வேன் தெருவுக்குள் வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு. வீட்டுக்கு வீடு பெண்கள் தலையில் கைவைத்தபடி வெளியே ஓடிவந்தார்கள். போர்மேன் வேன் நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகக் கையை ஆட்டிக்கொண்டு கத்தினார். “ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல! எல்லாரும் நல்லா இருக்காக!” இறங்கியவர் நேராக எங்கள் வாசலுக்கு வந்தார். அவரோடு வேனில் வந்த இரண்டு பெண்களும் இறங்கினார்கள்.

நடந்ததை அவர்கள்தான் சொன்னார்கள். காற்று கிளம்பியதிலிருந்து, கை ஓய்ந்தவர் எல்லாம் தரையில் வாளி வாளியாகக் கொட்டியிருக்கிறார்கள். சேறு. சேறு காலோடு ரூமுக்குள் போய்க் காய்ந்திருக்கிறது. அன்று காலை பூச்சட்டி, அதாவது புஸ்வாணம், செய்கிற ரூமில் ஒரு மூத்த அக்கா மருந்துத் தட்டை நகர்த்தும்போது, அடியில் கரகரவென்று ஒரு சத்தம் கேட்டிருக்கிறது. பழகிய கை, அப்படியே நிறுத்திவிட்டாள். தட்டை மேற்கொண்டு தள்ளவும் இல்லை, இழுக்கவும் இல்லை. விரல்களை மெல்ல எடுத்துக்கொண்டு, குரலை உயர்த்தாமல், எல்லாரையும் வெளியே நடக்கச் சொன்னாள். அந்த ரூம் காலியானதைப் பார்த்து அடுத்த ரூமும், அதற்கடுத்ததும் காலியாயின. எல்லாரும் தூரத்தில் வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். போர்மேன் அந்தத் தட்டைப் பத்திரமாக அப்புறப்படுத்திவிட்டு வந்து கூப்பிட்டால் ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. “தண்ணிக்காரி வரட்டும். அவ தரையப் பாத்துச் சரின்னு சொன்னாத்தான் நாங்க உள்ள போவோம்” என்றார்களாம். வேனில் அவள் பக்கத்தில் உட்காரப் பயந்ததாகச் சொல்லப்பட்ட அதே பெண்கள்தான்.

மதினி வாசலில்தான் நின்றிருந்தாள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. “இதர ஆளுக்கு எதுக்குண்ணே வேனு?” என்றாள். “ஏத்தா, கேலி பேசுற நேரமா இது?” என்றார் போர்மேன். “கேலி இல்லண்ணே. எல்லாரு அட்டையிலயும் அவுகவுக வேலை இருக்கு. எனக்கும் என் வேலையப் போட்டுக் குடுங்க, வாரேன்.” அவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, “சரி, தரைப் பராமரிப்புன்னு போட்ருவோம்” என்றார். “அம்புட்டுப் பெரிய பேரெல்லாம் வேணாம். தண்ணி ஊத்துறதுன்னு போடுங்க. அதத்தான செய்யுறேன்.” சரி என்றார். அவள் உள்ளே போய், மூக்கையும் வாயையும் மூடித் துணியைக் கட்டிக்கொண்டு வந்தாள். வேனுக்குள் அந்த இரண்டு பெண்களும் ஏறி, நடுவில் இடம் விட்டு, அவள் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்கள். ஒருத்தி அவள் தோளில் கையைப் போட்டுக்கொண்டாள். வேன் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. நெஞ்சு நிறைந்து, கண்ணிலும் மூக்கிலும் ஒழுகி, அம்மா முந்தானையைத்தான் பிடிக்க வேண்டியிருந்தது.

அன்று சாயங்காலம் அவள் திரும்பிவரும்வரை போர்மேன் தை மாதம் சொன்ன வார்த்தையே காதில் ஓடிக்கொண்டிருந்தது. நீ இல்லாம ஒண்ணும் நிக்கலையே. மேடம் சொன்னதும் அதேதான். அப்போதுதான் உறைத்தது. நானும் என் மரபணுவை மழைக்காலத்தில் மட்டுமே சோதித்திருக்கிறேன். சத்தெல்லாம் கரைத்த கரைசல், இதமான சூடு, மூச்சு முட்டாமல் இருக்கக் குடுவைக்கு ஓயாத ஆட்டம் என்று, கிருமிக்குச் சீராட்டாக எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு, ஒன்றை எடுத்தால் என்ன குறைகிறது என்று கேட்டிருக்கிறேன். ஈரத்தை நானே போட்டிருந்தேன். மனிதரின் நெஞ்சுக்குள் வருடக்கணக்கில் பட்டினியாகப் பதுங்கிக் கிடக்கிற கிருமி அது. அதன் பங்குனியை நான் காட்டவே இல்லை. மதினி வந்து பூவாளியைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அவளைக் கட்டிப்பிடித்ததும், “ஏ கிருமிக்காரி, நான் மருந்துப் பொடியோட நிக்கேன், தள்ளு” என்றாள்.

மேடத்திடம் ஒரே ஒரு சோதனைக்கு நாள் கேட்டேன். ஆடி வரை கொடுத்தார். இரண்டு வகைக் கிருமிகளையும், மரபணு உள்ளதையும் இல்லாததையும், சத்தே இல்லாத உப்புக் கரைசலில் போட்டு வாரக்கணக்கில் வாட விட்டேன். பிறகு எடுத்துச் சோறு போட்ட தட்டில் வைத்து, யார் எழுந்திருக்கிறார்கள் என்று காத்திருந்தேன். மூன்றாவது வாரம் அசல் கிருமி புள்ளி புள்ளியாக எழுந்தது. மரபணு இல்லாத தட்டு ஏறக்குறைய வெறுமையாகக் கிடந்தது. நம்பாமல் முதலிலிருந்து செய்தேன், அதே. வெட்டிய மரபணுவைத் திரும்பப் பொருத்திச் செய்தேன், மறுபடி எழுந்தது. மேடம் தட்டுகளை வெளிச்சத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். “இது எப்படித் தோன்றியது?” என்றார். ஊரில் தோன்றியது மேடம் என்றேன். அந்தச் சித்திரையிலேயே மதினிக்கு மாத்திரை முடிந்து, கடைசிப் பரிசோதனையும் சுத்தமாக வந்திருந்தது.

என் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வுக்கு யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். அண்ணனும் மதினியும் விருதுநகரில் ரயில் ஏறி வந்தார்கள். கல்யாணப் பட்டுச்சேலையில், கடைசி வரிசையில், மடியில் முறுக்கு டப்பாவோடு ஒரு மணி நேர ஆங்கிலத்தை அசையாமல் கேட்டாள். வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் கடைசியாகக் கேட்டார்: எல்லாரும் வளர்த்துத்தான் பார்ப்பார்கள், பட்டினி போட்டு எழுப்பிப் பார்க்க உனக்கு ஏன் தோன்றியது? தயாரித்து வைத்திருந்த பதில் ஒன்று இருந்தது. அதை விட்டுவிட்டுத் தமிழுக்கு மாறினேன். “எங்க மதினி பட்டாசுக் கம்பெனியில தண்ணி ஊத்துறாக. அவுக இல்லாதது மழைக்காலத்துல தெரியல. பங்குனியிலதான் தெரிஞ்சது” என்று சொல்லிக் கடைசி வரிசையைக் கைகாட்டினேன். எல்லாரும் திரும்பினார்கள். அவள் அவர்களுக்கெல்லாம் பொதுவாக ஒரு வணக்கம் வைத்தாள்.

வெளியே வந்ததும் ரவிக்கைக்குள்ளிருந்து மணிபர்ஸை எடுத்து, அதிலிருந்து இந்தப் பழைய அட்டையை என் கையில் வைத்தாள். “எனக்குத்தான் புதுசு குடுத்துட்டாகளே. இத ஒன் ஜீனுக்கு மாட்டி விடு. அதுக்கு வேலை இன்னதுன்னு எழுதுற அன்னைக்குக் கழட்டிரு” என்றாள்.

இன்னும் கழட்டவில்லை. அந்த மரபணு எந்தக் காலத்தில் தேவை என்று தெரிந்துவிட்டது. அந்தப் பட்டினியில் அது என்ன வேலை செய்கிறது என்பது இன்றுவரை பிடிபடவில்லை. இப்போது என்னிடம் படிக்கும் மாணவி ஒருத்தி அதன் பின்னால் அலைந்துகொண்டிருக்கிறாள். பட்டியலில் அந்த எண்ணுக்கு நேரே இன்றும் ‘பணி தெரியவில்லை’ என்றுதான் இருக்கிறது. மதினி இன்றும் முதல் வேனில்தான் போகிறாள். பதிவேட்டில் ‘தண்ணீர் ஊற்றுதல்’ என்ற தலைப்பின் கீழ் இப்போது இரண்டு பெயர்கள் இருக்கின்றனவாம். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வாள். சாப்பிட்டியா என்று கேட்பதற்கு முன்னால் கேட்பது ஒன்றுதான்.

“கழட்டிட்டியா?”

“இன்னும் இல்ல மதினி.”

“சரி, இருக்கட்டும். பங்குனி வரட்டும்.”